நுளம்புக் கணக்கு: மில்ன் குடாவிலிருந்து மார்கழி விடுமுறை வரை



சென்ற மாத உரை ஒலிபரப்பான பின், வயதில் மூத்த நேயர் ஒருவர் நிலையத்துக்கு அழைத்திருந்தார். "தம்பி, மார்கழி விடுமுறைக்குப் பேரப்பிள்ளையளோட ஊருக்குப் போறம். நுளம்பு கடிச்சு வருத்தம் வாறதுக்கு எத்தினை வீதம் எண்டு சொல்லுங்கோ. மகன் நம்பர் சொன்னாத்தான் நம்புவான்" என்றார். நான் வைத்தியரில்லை, பழைய சரித்திரங்களைத் துழாவுகிறவன். ஆனால் அந்த 'நம்பர்' எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனால், கதை நாம் வாழும் இந்த நாட்டின் படைமுகாம்களில்தான் தொடங்குகிறது. இம்மாத உரையின் எழுத்து வடிவம் இது.

பயணி ஒருவருக்கு நோய் தொற்றும் வாய்ப்பைச் சொல்வது ஒரு பின்னக் கணக்கு. மேலே நோயுற்றவர்களின் தொகை. கீழே பயணம் போனவர்களின் தொகை. மேலே உள்ளதை வைத்தியசாலை ஒருவாறு சொல்லிவிடும். கீழே உள்ளதுதான் கரைச்சல். போனவர்கள் எத்தனை பேர், எத்தனை நாள், எந்த ஊரில் தங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு வகைப் பயணிக்குத்தான் அது துல்லியமாகத் தெரியும். அவன் படைவீரன். தினமும் காலையில் ஆளெண்ணுகிறார்கள். சோற்றுக் கணக்கிலேயே அவன் பெயர் இருக்கிறது.

1942 ஓகஸ்ட் இறுதியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் நியூகினியின் கிழக்கு முனையிலுள்ள மில்ன் குடாவில் அவுஸ்திரேலியப் படைகள் யப்பானியரைத் தோற்கடித்தன. அந்தப் போரில் நிலத்தில் யப்பானியர் கண்ட முதற் பெருந்தோல்விகளுள் ஒன்று என்று அதைக் கொண்டாடுவார்கள். கொண்டாட்டத்துக்குப் பின் நடந்ததைப் பலர் பேசுவதில்லை. அந்தச் செப்ரெம்பரில் வாரத்துக்கு ஆயிரம் பேரில் 33 பேர் மலேரியாவில் விழுந்தார்கள். டிசெம்பரில் அது வாரத்துக்கு ஆயிரத்துக்கு 82 ஆகியது. இந்த எண்ணை ஒருமுறை மெதுவாக வாசித்துப் பாருங்கள். இந்த வேகத்தில் போனால் ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்களில் படையிலுள்ளவர்களின் தொகை அளவுக்கு நோயாளர் சேர்ந்துவிடுவார்கள். துவக்குச் சூட்டினால் வராத அழிவு நுளம்பினால் வரவிருந்தது.

இந்தக் கணக்கைத் தலைமைப் பீடத்தின் மேசைக்குக் கொண்டுபோனவர் நீல் ஹமில்ற்றன் ஃபெயர்லி. விக்டோரியாவின் இங்கிள்வூட்டில் 1891இல் பிறந்தவர். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 1920களில் பம்பாயில் சில ஆண்டுகள் வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1941இன் தொடக்கத்தில், கிரேக்கத்துக்குப் படை அனுப்பத் திட்டமிட்டபோது, அங்குள்ள மலேரியாப் பகுதிகளைப் பற்றி இவரும் பிரித்தானிய வைத்தியரான ஜோன் பொய்டும் தளபதி வேவலை எச்சரித்தார்கள். முதலாம் உலகப்போரில் மசிடோனியாவில் நேச நாட்டுப் படைகள் மலேரியாவில் நொறுங்கிய அநுபவத்தை வைத்தே அந்த எச்சரிக்கை எழுதப்பட்டது. தளபதிக்கு முதலில் அது பிடிக்கவில்லை. போருக்குப் போகிறவனிடம் நுளம்பைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்!

நியூகினியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. உலகக் கொயினாவில் பெரும்பங்கை விளைவித்த யாவாத் தீவு 1942 மார்ச்சில் யப்பானியரிடம் விழுந்துவிட்டது. மிஞ்சியிருந்த மருந்து அற்றெப்ரின். குடித்தால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று படைவீரர்களிடையே ஒரு வதந்தி வேறு. பலர் மாத்திரையைத் துப்பினார்கள். எவ்வளவு கொடுத்தால் போதும், களைப்பிலும் குளிரிலும் அது வேலை செய்யுமா என்று திட்டமாகத் தெரிந்தவர் எவருமில்லை.

ஆகவே 1943இன் நடுப்பகுதியில் குயின்ஸ்லாந்தின் கெயின்ஸ் நகரில் படையின் மருத்துவ ஆய்வுப் பிரிவொன்றை ஃபெயர்லி அமைத்தார். நூற்றுக்கணக்கான படைவீரர்கள் தாமாக முன்வந்து, நோய்க்கிருமி ஏறிய நுளம்புகளிடம் கையை நீட்டினார்கள். மருந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா கட்டிலில் படுக்கவைத்திருந்தால் அது வைத்தியசாலைக் கணக்காக இருந்திருக்கும். ஃபெயர்லி அவர்களை விறகு வெட்டவைத்தார், மலையேற்றினார், குளிரறையில் நிற்கவைத்தார், உடல் பதறும்படி ஊசிகள் ஏற்றினார். போர்முனையில் உடம்பு எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையிலேயே கணக்கு எடுக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். முடிவு தெளிவாக வந்தது: நாளுக்கு 100 மில்லிகிராம் அற்றெப்ரின் ஒழுங்காக எடுத்தவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. இன்றைய ஒழுக்க விதிகளின்படி இப்படியான பரிசோதனைக்கு அநுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அந்த மனிதர்களின் உடம்பில் எழுதப்பட்ட கணக்கு அது என்பதை நாம் மறக்கக்கூடாது.

1944 ஜூனில் அதேர்ற்றன் மேட்டுநிலத்தில் படை அதிகாரிகளைக் கூட்டி இந்த முடிவுகளை விளக்கினார்கள். இனி ஒரு படைப்பிரிவில் மலேரியா கூடினால் அதன் அதிகாரியே பொறுப்பு. மாத்திரை வாய்க்குள் போய் விழுங்கப்பட்டதை அதிகாரி கண்ணால் பார்க்கவேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, நேயர்களே. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். 1945இல் நியூகினியின் வட கரையில், ஐற்றாப்பே – வேவாக் போர்முனையில், 6ஆம் டிவிஷனில் மலேரியா மளமளவென்று ஏறியது. மேலிடம் உடனே சொன்ன காரணம்: ஒழுங்கீனம், மாத்திரை எடுக்கவில்லை. வீரர்கள் 'எடுத்தோம்' என்றார்கள். நம்பவில்லை. கடைசியில் அந்த நோயாளிகளின் இரத்தத்தைக் கெயின்ஸுக்குக் கொண்டுவந்து சோதித்தபோது, அந்தப் பகுதியின் மலேரியாக் கிருமியில் ஒரு வகை அற்றெப்ரினுக்கு மசியாதது என்று தெரிந்தது. வீரர்கள் உண்மையே சொல்லியிருந்தார்கள். கெயின்ஸ் கணக்கும் சரிதான், ஆனால் அது ஐற்றாப்பேயின் கணக்காக இருக்கவில்லை.

ஓர் எண் எந்த இடத்தில், எந்த ஆட்களிடம், எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டதோ அவற்றுக்குச் சொந்தமானது. வேறோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது பொய் சொல்லும். இதே பாடத்தை நமது இலங்கை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மிகக் கொடூரமாகப் படித்திருந்தது.

1934இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கி 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அப்போது தீவின் சனத்தொகை 55 இலட்சம் அளவுதான். மலேரியாவுக்குப் பேர்போன இடம் உலர்வலயம், வன்னிக் காடு. ஆனால் மரணம் மிகுந்தது கேகாலை, குருநாகல் பக்கங்களில். காரணம் எளிது. ஆண்டாண்டாக நோயோடு வாழ்ந்த உலர்வலயத்து உடம்புக்கு ஓரளவு தாங்கும் சக்தி இருந்தது. நோயை அதிகம் அறியாத ஈரமான பகுதிகளின் உடம்புக்கு அது இல்லை. ஒரே நுளம்பு, ஒரே கிருமி, ஆனால் ஆபத்து ஆளுக்கு ஆள் வேறு. கேகாலையைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் சிட்னியில் பிறந்த நம் பிள்ளைகள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

போர் முடிந்து சாதாரண மக்கள் விமானத்தில் பறக்கத் தொடங்கிய பின்னர், ஆளெண்ண எவருமில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தின் றொபேட் ஸ்ரெஃபன் போன்றவர்கள் 1980களில் இதைக் கையிலெடுத்தார்கள். வளரும் நாடொன்றில் ஒரு மாதம் தங்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு என்ன நோய் வரும் என்று 1987இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு இன்றும் பயண மருத்துவத்தின் அரிச்சுவடி. வயிற்றோட்டம் உச்சியில். மலேரியாத் தடுப்பு மருந்தின்றி மேற்கு ஆபிரிக்காவில் ஒரு மாதம் தங்குவோரில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்றுக் கூடுதலாக அந்நோய் வரும் என்ற எண்ணும் அந்த வழியில் வந்ததே. 1995இல் ஜியோசென்டினல் என்ற பெயரில் பயண மருத்துவ நிலையங்கள் ஒரு வலையமைப்பாகச் சேர்ந்தன. அவர்களிடம் நோயாளிகளின் விபரம் மலைபோல் இருக்கிறது. ஆனால் நோயில்லாமல் திரும்பி வந்தவன் வைத்தியரிடம் போவதில்லையே! பின்னத்தின் கீழ்ப்பாதி அங்கும் இல்லை.

அவுஸ்திரேலியாவுக்குக் கீழ்ப்பாதியைத் தந்தது, நீங்களும் நானும் விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்பிய அந்தப் பயணிகள் சீட்டு. திரும்பி வரும் வதிவாளரிடம் 'எந்த நாட்டில் அதிக நாள் இருந்தீர்கள்' என்று அது கேட்டது. புள்ளிவிபரத் திணைக்களம் அதைத் தொகுக்கும். ஆய்வாளர்கள் அதை அறிவிக்கப்பட்ட டெங்கு, மலேரியா நோயாளர் தொகையோடு வகுப்பார்கள். புறப்படும்போது நிரப்பிய சீட்டு 2017 ஜூலை 1ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது.

இப்போது நம் வீட்டு உதாரணம் ஒன்றை எடுப்போம். ஒரு குடும்பம் மூன்று வாரம் யாழ்ப்பாணத்தில் நிற்கிறது. இடையில் கலியாணச் சேலை எடுக்க நாலு நாள் சென்னைக்குப் போய் தியாகராய நகரில் திரிகிறது. நுளம்பு கடித்தது சென்னையில். சீட்டில் எழுதியது இலங்கை. காய்ச்சல் வந்தது மெல்பேர்ணில். அல்லது, காய்ச்சல் ஊரிலேயே வந்து யாழ். ஆசுபத்திரியில் மாறிவிட்டது, இங்குள்ள கணக்கில் அது விழவே இல்லை. அல்லது, இங்கு வந்து இரண்டு நாள் பனடோல் போட்டுப் படுத்து எழும்பியாயிற்று. அதுவும் கணக்கில் இல்லை. டெங்குத் தொற்றுகளில் ஏறக்குறைய நாலில் மூன்று வெளியே தெரியாமலே கடந்துபோகிறவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்பாதியும் ஓட்டை, கீழ்ப்பாதியும் ஓட்டை.

இந்த ஓட்டைகளை அடைக்க ஒரு நேர்மையான வழி உண்டு. போகுமுன் ஒருதரம், வந்தபின் ஒருதரம் இரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆசியாவுக்குப் போன அவுஸ்திரேலியப் பயணிகளிடம் 2007 முதல் 2010 வரை மெல்பேர்ண் ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். பத்தாயிரம் பயண நாள்களுக்கு மூன்று, நான்கு டெங்குத் தொற்றுகள் என்ற அளவில் விடை வந்தது. இதை வீட்டுக் கணக்காக்கினால்: முந்நூறு பேர் ஏறிய ஒரு விமானம், ஆளுக்கு மூன்று வாரம் என்றால் 6,300 நாள்கள், அதில் இரண்டு பேர் அளவில் தொற்றுடன் திரும்புவார்கள். மகனுக்கு எண்தான் வேண்டுமென்றால், கையில் கொடுக்கக்கூடியது இதுதான்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் யார்? பயணத்துக்கு முன்பே பயண மருத்துவ நிலையத்துக்குப் போய் ஆலோசனை கேட்டவர்கள். நம்மில் எத்தனை பேர் ஊருக்குப் போகும்போது அப்படிப் போகிறோம்? 'எங்கட ஊர்தானே' என்போம். பொதியில் மைலோவும் சொக்லேற்றும் இருக்கும். நுளம்பு விரட்டும் பூச்சு இராது. உறவினரைப் பார்க்கப் போகும் குடியேறியவர்கள் உல்லாசப் பயணிகளைவிட நெடுநாள் தங்குகிறார்கள், ஆலோசனை குறைவாகக் கேட்கிறார்கள், மலேரியா போன்ற நோய்களுடன் கூடுதலாகத் திரும்புகிறார்கள் என்று ஜியோசென்டினல் தரவுகளை வைத்து எழுதியவர்களில் மெல்பேர்ணின் கரின் லெடரும் ஒருவர். குளிரூட்டிய விடுதி அறையில் தங்குபவனின் எண்ணும், அத்தை வீட்டு விறாந்தையில் பாய் விரிப்பவனின் எண்ணும் எப்படி ஒன்றாகும்?

காலமும் கணக்கில் சேரவேண்டும். 2016இல் றியோ ஒலிம்பிக்குக்கு முன், சீக்கா வைரஸுக்குப் பயந்து போட்டிகளை ஒத்திவையுங்கள் என்று சுமார் 150 அறிஞர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். வேறு சிலர் மாதவாரியாகக் கணக்கிட்டார்கள்: ஓகஸ்ட் அங்கே குளிர்காலம், நுளம்பு குறைவு, ஆபத்து மிகச் சிறியது. போட்டிகள் முடிந்தபின், அங்கு போனவர்களில் உறுதிசெய்யப்பட்ட சீக்கா நோயாளர் எவரும் அறிவிக்கப்படவில்லை என்று அதே நிறுவனம் தெரிவித்தது.

நமக்கு நேர்மாறு. இங்கே பள்ளி விடுமுறை டிசெம்பர், ஜனவரி. அங்கே அது வடகீழ்ப் பருவமழையும் அதன் வாலும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் டெங்கு ஏறும் காலம். 2023 டிசெம்பர், 2024 ஜனவரியில் யாழ். மாவட்டத்தில் டெங்கு எப்படி ஏறியது என்பது அப்போது ஊருக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். வருட சராசரியைப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்கிறவர், ஆண்டின் மிக மோசமான ஆறு வாரத்தையே தெரிந்தெடுத்துப் போகிறார் என்பதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு சங்கதி, மூத்தவர்களுக்காக. நம் தலைமுறைக்கு நுளம்பு என்றால் மலேரியா. இரவில் வலை, கையில் குளோரோகுயின். அந்த மலேரியா இலங்கையில் 1963இல் வெறும் 17 நோயாளராகக் குறைந்து, ஆண்டு தோறும் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிப்பதைத் தளர்த்தியதும் 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல் பாய்ந்தது. பின்னர் போரின் நடுவிலும் சுகாதார ஊழியர்கள் விடாமல் வேலை செய்ய, 2012 ஒக்ரோபரோடு உள்ளூர்த் தொற்று நின்று, 2016 செப்ரெம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது. அதன்பின் அங்கு பதிவாகும் மலேரியா நோயாளர் ஏறத்தாழ அனைவருமே வெளிநாட்டில் கடிபட்டு வந்தவர்கள். இப்போது பயணிகளைக் கண்டு இலங்கை பயப்படுகிறது! மன்னாரில் அந்தக் காலத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் புதிய நுளம்பு வகை அந்தப் பயத்தைக் கூட்டியிருக்கிறது.

மலேரியா போன இடத்தில் டெங்கு வந்து உட்கார்ந்தது. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,101 பேர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டார்கள். 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். காட்டுக் குட்டையில் அல்ல, வளவுக்குள் கிடக்கும் சிரட்டையிலும் பழைய ரயரிலும் பூச்சாடித் தட்டிலும் பெருகும். இரவில் வலை கட்டிவிட்டு, காலையில் பிள்ளைகளைக் கட்டைக் காற்சட்டையோடு கிணற்றடியில் விளையாட விடுவது பழைய நோய்க்கான காவல். 'நாங்கள் அங்க வளந்தனாங்கள், எங்களுக்கு ஒண்டும் செய்யாது' என்பதும் டெங்கு விடயத்தில் தலைகீழ். அதில் நான்கு வகை உண்டு. சிறுவயதில் ஒரு வகை தெரியாமலே வந்துபோயிருந்தால், இரண்டாம் முறை வேறு வகை வரும்போது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பேரனைவிடப் பாட்டி கவனமாக இருக்கவேண்டிய நோய் இது.

சிட்னிக்காரர்களுக்கு ஓர் இடைச்செருகல். டெங்குவை இந்த நுளம்புதான் பரப்புகிறது என்பதை உறுதிசெய்த பரிசோதனைகளில் ஒன்று 1916இல் உங்கள் நகரில்தான் நடந்தது. ஜோன் பேர்ற்றன் கிளெலண்டும் துணையாளர்களும் வடக்கே நோயாளிகளைக் கடித்த நுளம்புகளைச் சிட்னிக்குக் கொண்டுவந்து, தாமாக முன்வந்தவர்களைக் கடிக்கவிட்டார்கள், காய்ச்சல் வந்தது. நோய் இல்லாத நகரில் செய்தால்தான் நுளம்பின் மேல் ஐயமின்றிக் குற்றம் சுமத்தலாம் என்பது அவர்கள் யோசனை. இன்றும் அந்த நுளம்பு குயின்ஸ்லாந்தின் சில பகுதிகளில்தான் குடியிருக்கிறது. சிட்னியிலும் மெல்பேர்ணிலும் டெங்குவோடு வருகிறவர் வேறெங்கோ கடிபட்டவர்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால், குடும்ப வைத்தியரிடம் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த நாடு, எந்த ஊர், எந்தத் திகதி, இடையில் சென்னை போனீர்களா என்பதையும் சொல்லுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் செய்யும் டெங்குப் பரிசோதனையும் பிந்திச் செய்வதும் வேறு வேறு. பரிசோதனை முடியுமட்டும் அஸ்பிரினும் நியூரோஃபெனும் வேண்டாம்; பரசிற்றமோல் போதும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ பப்புவா நியூகினிக்கோ போய்வந்தவர் என்றால், மாதங்கள் கடந்து வரும் காய்ச்சலுக்கும் மலேரியாப் பரிசோதனை கேட்கவேண்டும்; அந்தக் கிருமியில் ஒரு வகை ஈரலில் ஒளிந்திருந்து ஆறுதலாக வெளியே வரும்.

இதுபற்றிய கேள்விகளை வழமைபோல் நிகழ்ச்சி நேரத்தில் நிலையத்துக்கு அழைத்துக் கேட்கலாம். மருத்துவக் கேள்விகளுக்கு நம் நிகழ்ச்சிக்கு வரும் வைத்தியர்கள் பதில் சொல்வார்கள். சரித்திரக் கேள்விகளை என்னிடம் விடுங்கள்.